பதினேழா பத்தொன்பதா

"பதினேழா பத்தொம்போதா, ஒரு முடிவச் சொல்லிருங்க அண்ணாச்சி. டீ குடிச்சிட்டு வந்தவொடன படிக்குப் பலகை அடிக்கணும்" என்று சொல்லிவிட்டு, செல்லையாக் கொத்தனார் ஆட்களைக் கூட்டிக்கொண்டு முக்குக் கடைக்குப் போய்விட்டார். இருபது நிமிஷம். மிஞ்சிப்போனால் இருபத்தைந்து. பாளையங்கோட்டைக்குத் தெற்கே புதிதாக முளைத்த ஒரு நகரில், கதவு வைக்காத, தரை போடாத தன் வீட்டுக்குள் குற்றாலிங்கம் ஒற்றையாளாக நின்றுகொண்டு சுவரைப் பார்த்தார். பூசாத செங்கல் சுவர். அதில் கொத்தனார் இரண்டு மாடிப்படி வரைந்து வைத்திருந்தார், வெள்ளைச் சாக்கட்டியில் ஒன்று, அதன் மேலேயே நீலத்தில் இன்னொன்று. வெள்ளை பதினேழு படி, படி உயரம் ஏழு அங்குலமும் அரை நூலும், கால் வைக்கப் பத்து அங்குலம். நீலம் பத்தொன்பது படி, உயரம் ஆறேகால் அங்குலமும் அரை நூலும், கால் வைக்க ஒரு முழு அடி. பதினெட்டு என்ற பேச்சே கிடையாது. லாபம், நஷ்டம், லாபம், நஷ்டம் என்று கீழேயிருந்து எண்ணிக்கொண்டு ஏறினால் கடைசிக் கால் லாபத்தில் விழவேண்டும், பதினெட்டு நஷ்டத்தில் கொண்டுபோய் விட்டுவிடும், அதற்குக் கொத்தனாரும் சம்மதிக்கமாட்டார், இவரும் சம்மதிக்கமாட்டார். பதினேழும் லாபம், பத்தொன்பதும் லாபம். அந்தக் கணக்கு இன்றைக்கு உதவிக்கு வராது. ஏழு வைத்தால் படி சின்ன இடத்தில் அடங்கிவிடும். ஆறேகால் வைத்தால் நீண்டுபோய்க் கீழ் அறையில் இரண்டரை அடியைத் தின்றுவிடும். கீழ் அறை ஆவுடைக்கு, அதாவது அவருடைய வீட்டுக்காரிக்கு. சுருங்கினால் ஒரு கட்டில், ஒரு பீரோ, அத்தோடு சரி. "அம்மா ரூமு டப்பா மாதிரி ஆயிரும், நல்லா யோசிச்சுக்கிடுங்க" என்று கொத்தனார் நேற்றே சொல்லிவிட்டார். யோசிக்காமலா இருக்கிறார் மனுசன்? குளிக்கும்போது ஏழு, சாப்பிடும்போது ஆறேகால், பேப்பர் படித்தால் அதிலும் இதேதான்.

விஷயம் இதுதான், வெளியே சொல்லமுடியாத விஷயம். நாலு வருசமாக ஆவுடை மாடி ஏறவில்லை. டவுனில் இப்போது இருக்கிற வாடகை வீட்டில் மேலே ஒரே ஒரு அறை, அதில் இவர் படுக்கிறார், கீழே அவள் படுக்கிறாள். சண்டையா, ஒன்றும் கிடையாது. சோறு போடுகிறாள், சட்டையைத் தேய்த்து வைக்கிறாள், மகள் போன் பண்ணினால் ஸ்பீக்கரில் போட்டு இவரையும் பேசச்சொல்கிறாள். ஆனால் மேலே வருவதில்லை. அவள் வரவேண்டும். புது வீட்டில் மேல் அறைக்கு ஏறி வந்து, பக்கத்தில் படுத்து, இன்றைக்கு யார் வந்தார்கள், கீரைக்காரி என்ன சொன்னாள், எதிர்வீட்டு மருமகள் ஏன் மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டிருக்கிறாள் என்று ஒன்று விடாமல் சொல்லவேண்டும். இவர் பாதியில் தூங்கிப்போகவேண்டும். "கேக்கியளா இல்லையா" என்று அவள் தோளில் ஒரு தட்டுத் தட்டவேண்டும். அறுபத்து மூன்று வயதில் மனுசனுக்கு ஆசை இவ்வளவுதான், ஆனால் இதைப் போய்க் கொத்தனாரிடம் எந்த மூஞ்சியோடு சொல்வது? என் பெண்டாட்டி ஏறி வருகிற மாதிரி ஒரு படி கட்டுமய்யா என்றா? செல்லையா கெட்ட ஆள் இல்லை, ஆனால் வாய் சும்மா இருக்காது, சாயங்காலத்துக்குள் சித்தாள் வரைக்கும் சொல்லிச் சிரித்துவிடுவார். அதனால்தான் நேற்று "வயசான காலத்துல முட்டி வலி வரும்லா, அதுக்குத்தான் ஆறேகால்" என்று பொதுவாகச் சொல்லிவைத்தார். யாருடைய முட்டி என்று சொல்லவில்லை.

அந்த வாடகை வீட்டுப் படியைக் கட்டினவன் கையை ஒடிக்கவேண்டும். ஒவ்வொரு படியும் ஒன்பது அங்குலம், கால் வைக்கிற இடம் எட்டு, அதில் பாதத்தைக் கோணலாக வைத்துத்தான் ஏறமுடியும். போதாததற்கு, இவர்கள் குடிவருவதற்கு முன்பே வீட்டுச் சொந்தக்காரர் மொட்டை மாடியில் தட்டு ஓடு பதித்திருந்தார். பதித்தவர் படியை யோசித்தாரா? மாடித் தரை உயர்ந்தது, கடைசிப் படி மட்டும் பதினோரு அங்குலமாகப் போய்விட்டது. புதிதாக வருகிற அத்தனை பேரும் அந்த இடத்தில் காலை இடித்துக்கொண்டு "அம்மா" என்பார்கள். கல்யாணமான புதிதில் ஆவுடை அந்தப் படியில்தான் வந்து நிற்பாள். ஒரு கையில் தண்ணீர்ச் சொம்பு, இன்னொரு கையில் சேலைக் கொசுவம். "ஏங்க, இத வாங்குங்க" என்று முதலில் சொம்பை நீட்டுவாள். அதை வாங்கி உள்ளே வைத்துவிட்டு வந்தால் அடுத்து கையை நீட்டுவாள். அந்தக் கையைப் பிடித்து ஒரு தூக்குத் தூக்கினால் மேலே வந்துவிடுவாள், கண்ணாடி வளையல் நாலும் ஒன்றாகச் சரிந்து முழங்கைக்கு ஓடும். எத்தனை வருசம்! மகள் பிறந்து, அவளைத் தூங்கவைத்துவிட்டு வந்தபோதும் அதே படி, அதே சொம்பு, அதே கை. மகளைக் கோயம்புத்தூரில் கட்டிக்கொடுத்த பிறகும் அதே கைதான், கொஞ்சம் கனமாகியிருந்தது, வளையல் இரண்டாகக் குறைந்திருந்தது. கொள்ளையில் போகிற அந்தப் படி மட்டும் சரியான உயரத்தில் இருந்திருந்தால் அவள் கையை நீட்டியிருக்கவே மாட்டாள், நேராக நடந்து உள்ளே வந்திருப்பாள். குற்றாலிங்கத்துக்குத் திக்கென்றது. அப்படியென்றால் ஆறேகால் வைத்தால் கை? பத்தொன்பது படியும் பல் வரிசை மாதிரி ஒரே சீராக இருந்தால் யார் யாரைத் தூக்கிவிடப்போகிறார்கள்? சீ, என்ன மனுசனப்பா நான், அவள் வருவதே பெரிய காரியமாக இருக்கும்போது கையைப் பிடிக்க வழியில்லையே என்று கவலைப்படுகிறேன் என்று தன்னையே வைதுகொண்டார். வரட்டும், முதலில் வரட்டும்.

முப்பத்து மூன்று வருசம் அரசு பஸ்ஸில் கண்டக்டர். ஏறுகிற காலைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடுவார். வலது காலை வைத்துவிட்டு இடது காலை அதே படிக்குக் கொண்டுவந்து சேர்த்து நிற்கிறார்களா, முட்டி. கம்பியை இரண்டு கையாலும் பிடிக்கிறார்களா, இடுப்பு. ஏறும்முன் படியை ஒரு முறை கண்ணால் அளக்கிறார்களா, எங்கேயோ ஒருநாள் விழுந்தவர்கள். பஸ்ஸின் முதல் படி என்ன உயரம்? ஒன்றே கால் அடி இருக்கும், அதற்குமேலேயும் இருக்கும். அதில் ஏறச்சொல்லி எத்தனை பொம்பளைகளை விரட்டியிருப்பார்! ஏறும்மா, ஏறு ஏறு, உள்ள போ, நேரமாவுது. வாய் தானாகப் பேசும், விசில் தானாக ஊதும். நாலு வருசத்துக்கு முன்னால், ஆலங்குளத்தில், அன்றைக்கு நல்ல முகூர்த்த நாள், பஸ்ஸில் மூச்சுவிட இடமில்லை. முன்வாசலில் ஒரு பொம்பளை ஒரு காலைப் படியில் வைத்துவிட்டு, மறு காலைத் தூக்கமுடியாமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பின்னால் பத்துப் பேர் முண்டினார்கள். இவர் நடுவிலிருந்து சத்தம் போட்டார், "ஏறமுடிஞ்சா ஏறு, இல்லைன்னா வீட்ல கெடம்மா. ஒரு பஸ்ஸையே நிப்பாட்டி வச்சிக்கிட்டு என்ன வேடிக்கை!" பஸ்ஸில் பாதிப் பேர் சிரித்தார்கள், டிரைவரும் சிரித்தார். அந்தப் பொம்பளை எப்படியோ ஏறிவிட்டாள். கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு போய்ப் பார்த்தால் ஆவுடை. அண்ணன் வீட்டு விசேஷத்துக்குப் போய்விட்டுத் திரும்புகிறாள். அவள் எல்லாரையும் போல டிக்கெட்டுக்குக் கையை நீட்டினாள். அவரும் எல்லாருக்கும் கொடுப்பதுபோலக் கொடுத்துவிட்டு நகர்ந்துவிட்டார். கூட்டத்தில் அவள் என்று தெரியவில்லை. நாலு வருசமாகத் தனக்குத்தானே இதைத்தான் சொல்லிக்கொள்கிறார், தெரியவில்லை, மூஞ்சி தெரியவில்லை, கூட்டம் மறைத்துவிட்டது. இன்றைக்கு இந்தச் செங்கல் சுவருக்கு முன்னால் நிற்கும்போது பொய் சொல்ல அலுப்பாக இருந்தது. தெரியும். மாம்பழக் கலர்ச் சேலை, அவரே எடுத்துக்கொடுத்தது, அந்தக் கம்பியைப் பிடித்த கையும் தெரியும். தெரிந்துதான் கத்தினார். நம்ம வீட்டு ஆளே இப்படி நிற்கிறாளே, டிரைவர் என்ன நினைப்பார் என்ற வெட்கத்தில், யாரோ மாதிரிக் கத்தினார். நாக்கு அழுகிப்போக.

அது நடந்து எட்டாம் நாள் அவள் படியேறி வரும்போது பாதியில் உட்கார்ந்துவிட்டாள். சொம்பு பக்கத்தில் இருந்தது. "இனிமே என்னால முடியாதுங்க, முட்டி விட்டுப்போச்சு" என்றாள். இவர் மேலே நின்றுகொண்டு "சரி" என்றார். சரி! முப்பது வருசம் ஏறி வந்தவளுக்கு ஒற்றை வார்த்தை. இரும்புக் கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து இறங்கிப்போய்விட்டாள். மறுநாள் காலையில் கரண்டியால் அந்தக் கைப்பிடியில் டங் டங் என்று இரண்டு தட்டு, காபி ரெடி என்று அர்த்தம். அதுமுதல் அதுதான் பேச்சு. கீழே தட்டினால் மேலே கட்டில் வரைக்கும் கம்பி அதிரும். இவர் இறங்கிப்போய்க் காபி குடிப்பார், இறங்கிப்போய்ச் சாப்பிடுவார், மத்தியானம் இறங்கிப்போய் டிவி பார்ப்பார், பிறகு ஏறி வந்து படுப்பார். கீழேயிருந்து அவள் மகளோடு போனில் பேசுகிற சத்தம் வரும், வார்த்தை வராது. திடீரென்று சிரிப்பாள். எதற்குச் சிரிக்கிறாள் என்று காதைத் தீட்டிக்கொண்டு கிடப்பார். நான் இல்லாத சிரிப்பு என்று தோன்றும். காலையில் கேட்கலாம் என்று நினைப்பார், காலையில் கேட்டால் "என்னது, சிரிச்சேனா, எப்பம்?" என்பாள். ஆறிப்போன சிரிப்பை எப்படித் திரும்பக் கேட்பது? அவளை மேலே கொண்டுவர என்னவெல்லாமோ யோசித்துப் பார்த்தார். நடுவில் உட்கார்ந்து இளைப்பாற ஒரு ஸ்டூல் போடலாமா என்று யோசித்தார், படியில் ஸ்டூல் எங்கே நிற்கும்? முட்டிக்கு மூலிகைத் தைலம் வாங்கிவந்தார், அவள் அதை மகள் வந்தபோது மகளின் மாமியாருக்குக் கொடுத்தனுப்பிவிட்டாள். கைப்பிடியை ஒட்டி, உட்கார்ந்தபடியே மேலே போகிற நாற்காலி ஒன்றைப் போனில் பார்த்தார், வெள்ளைக்காரக் கிழவி ஒருத்தி ராணி மாதிரி அதில் போனாள், ஆவுடையிடம் காட்டினார், "ஊஞ்சலா?" என்றாள். கடைசியில்தான், வாங்கிப்போட்ட மனையில் வீட்டை எழுப்பிவிடுவோம், அதில் படியை நம் இஷ்டத்துக்கு வைப்போம் என்று புறப்பட்டார். குற்றாலச் சாரல் காலத்தில் மேலே என்ன காற்று வரும் என்று மேல் அறையைப் பற்றி அவளிடம் பெருமையாகப் பேசினார். "உங்க இஷ்டம்" என்றாள்.

உங்க இஷ்டம் என்றால் என்ன? சரி, நானும் வருகிறேன் என்றா, இல்லை, நீங்கள் போய்க் காற்று வாங்குங்கள், என்னை விட்டுவிடுங்கள் என்றா? குற்றாலிங்கம் செங்கல் அடுக்கின்மேல் உட்கார்ந்தார். உட்காரமுடியவில்லை, எழுந்தார். போன வருசம் கோயம்புத்தூரில் மகள் வீட்டில் லிப்ட் ஓடவில்லை. இரண்டு மாடி. இவர் பயந்தார். ஆவுடை ஒரு கையில் கைமுறுக்கு டப்பாவைத் தூக்கிக்கொண்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு, மூன்று இடத்தில் நின்று, ஏறியே போய்விட்டாள். பேரனைப் பார்க்கிற அவசரம். எல்லாரும் உள்ளே போனபிறகு இவர் மெதுவாக வெளியே வந்து அந்தப் படியைச் சாண் வைத்து அளந்தார். ஒரு சாணுக்கு மூன்று விரல் குறைவு, ஆறு, ஆறேகால். அன்றைக்குத்தான் அந்த ஆறேகால் மனசில் ஒட்டிக்கொண்டது. ஆனால் அந்த ஆறேகாலே கொஞ்ச நாளில் முள்ளாகவும் போயிற்று. படி சுகமாக இருந்ததால் ஏறினாளா, இல்லை பேரனுக்காக ஏறினாளா? ஆசையிருந்தால் ஏறுகிறவள் என்றால், இங்கே ஏறாததற்கு என்ன பெயர்? முட்டியா, ஆலங்குளமா? தரையில் உட்கார்ந்து காய் நறுக்கிவிட்டு எழுந்திருக்கும்போது "முருகா" என்று முனகுகிறாளே, அது பொய்யில்லை. கோயிலில் கொடிமரத்தடியில் கும்பிட்டு எழ இரண்டு பேர் கை வேண்டியிருக்கிறதே, அது பொய்யில்லை. ஆனால் அந்த டிக்கெட்டுக்கு நீட்டின கையும் பொய்யில்லையே.

இரண்டு செங்கல்லை எடுத்து ஒன்றின்மேல் ஒன்று வைத்தார். ஆறு அங்குலம். அதன்மேல் உடைந்த ஓட்டுச் சில்லு ஒன்று, ஆறேகால். சுவர் ஓரமாக, கையை ஊன்றிக்கொண்டு, தன் முட்டி ஆவுடையின் முட்டி என்று நினைத்துக்கொண்டு ஏறினார். முதலில் வலது கால். அவளுக்கு எந்த முட்டி அதிகம் வலிக்கும்? இடதா, வலதா? நின்றுவிட்டார். தெரியவில்லை. நாலு வருசமாக முட்டி முட்டி என்று புலம்புகிறாரே, எந்த முட்டி என்று தெரியவில்லை. ஆயிரம் பயணிகளின் காலைப் பார்த்து நோயைச் சொன்ன ஆளுக்கு வீட்டில் இருக்கிற ஒரு காலைத் தெரியவில்லை. நல்ல கண்டக்டர்! இரண்டு காலிலும் மாறி மாறி ஏறி இறங்கினார். சுகமாகத்தான் இருந்தது. தூக்குகிறோம் என்றே தெரியாமல் கால் போய் உட்கார்ந்தது. சில்லை எடுத்துவிட்டு, மேல் செங்கல்லைப் பக்கவாட்டில் நிறுத்தி வைத்து ஏழு அங்குலத்துக்குப் பக்கமாகக் கொண்டுவந்து ஏறிப் பார்த்தார். இதுவும் மோசமில்லை, ஆனால் தொடையில் லேசாக ஒரு இழுப்பு, பதினேழு தடவை இழுத்தால் அவளுக்கு அது ஒரு மலை. ஆறேகால்தான். முடிவு. அறை சுருங்கினால் சுருங்கட்டும், அவள் மேலே வந்துவிட்டால் கீழ் அறை எதற்கு, அரிசி மூட்டை போட்டுக்கொள்ளலாம். முடிவு பண்ணின நிமிஷமே அடுத்த கேள்வி வந்து நின்றது. ஆறேகால் வைத்து, தரையெல்லாம் போட்டு, கைப்பிடி வைத்து, பால் காய்ச்சி, குடியும் வந்தபிறகு, அவள் அந்தச் சுகமான படிக்குக் கீழே நின்றுகொண்டு, "நீங்க போய்ப் படுங்க" என்று சொல்லிவிட்டால்? அன்றைக்கு முட்டி என்று சொல்ல வழி இருக்காதே. படி மேல் பழியைப் போட வழி இருக்காதே. பிறகு இந்தக் குற்றாலிங்கம்தான் காரணம் என்று பத்தொன்பது படியும் சாட்சி சொல்லிக்கொண்டு நிற்கும், ஒவ்வொரு நாளும் அதன்மேல் ஏறிப் போகவேண்டும். ஏழு என்றால் அப்படியில்லை. ஏழு என்றால் ஒரு சாக்கு மிச்சமிருக்கும். ஆமா, பாவம், அவளுக்கு ஏறமுடியவில்லை என்று சாகிறவரைக்கும் நினைத்துக்கொள்ளலாம், மனசு அதில் சாய்ந்துகொள்ளும். ஏழே வைத்துவிடுவோமா? தெரியாமல் இருந்துவிட்டுப் போவோமா? ஆனால் தெரியாமல் இருந்த இந்த நாலு வருசமும் என்ன பெரிய சுகத்தைக் கண்டுவிட்டார்? கட்டிலில் கிடந்துகொண்டு கம்பி அதிருமா என்று காத்துக்கிடந்ததுதான் மிச்சம். சொம்புத் தண்ணீரைக்கூட இப்போது அவரே பாட்டிலில் பிடித்துக்கொண்டு போகிறார். அவள் பக்கத்தில் இருந்தால் வருகிற ஒரு வாசனை, சீயக்காயும் அடுப்படியும் கலந்தது, அது அந்தத் தலையணையை விட்டுப் போய் எத்தனையோ நாளாயிற்று. நினைத்தபோது கண்ணில் நீர் முட்டிவிட்டது. சிமெண்ட் தூசி என்று சொல்லிக்கொள்ளப் பக்கத்தில் ஆள்கூட இல்லை. வேண்டும், ஆவுடை வேண்டும், என்ன வந்தாலும் வரட்டும், ஆறேகால்.

"என்ன அண்ணாச்சி, செங்கல்ல ஏறி நின்னு என்ன செய்யிதிய?" என்றபடி கொத்தனார் வாசலில் நின்றார். அவருக்குப் பின்னால், வாசலில் போட்டிருந்த பலகையின்மேல் ஒரு கையால் நிலைக்கட்டையைப் பிடித்துக்கொண்டு, ஆவுடை வந்துகொண்டிருந்தாள். இன்னொரு கையில் மோர்த் தூக்குவாளி. ஆட்டோவில் வந்திருக்கிறாள், வேலையாட்களுக்கு வெயிலுக்கு மோர் கொண்டுவந்திருக்கிறாள். குற்றாலிங்கம் திருட்டு முழி முழித்துக்கொண்டு செங்கல்லிலிருந்து இறங்கினார்.

"நல்ல நேரத்துல வந்திய மதினி" என்றார் கொத்தனார். "அண்ணாச்சி நேத்துலேருந்து என்னையப் படுத்துதாவ. இந்தா பாருங்க, வெள்ளை ஏழு, நீலம் ஆறேகால். நீலம் வச்சா ஏற நல்லா இருக்கும், ஆனா உங்க ரூமுல ரெண்டரை அடி போயிரும். நீங்க சொன்னாத்தான் தீரும்."

"அவளக் கேக்க ஒண்ணுமில்ல. ஆறேகால்தான்" என்றார் குற்றாலிங்கம். குரல் தேவைக்கு மேலே உயர்ந்துவிட்டது. "அவளுக்கு முட்டி வலி. அவ ஏறுறதுக்குத்தான்."

சொல்லிவிட்டார். கொத்தனார் முன்னால், ஆட்கள் முன்னால் சொல்லிவிட்டார். ஆவுடை தூக்குவாளியைக் கீழே வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்தாள். வெள்ளையைப் பார்த்தாள், நீலத்தைப் பார்த்தாள், அடுக்கிவைத்த செங்கல்லையும் பார்த்தாள்.

"மேல எனக்கு என்ன சோலி?" என்றாள்.

அவ்வளவுதான். குற்றாலிங்கத்துக்குக் காது அடைத்துக்கொண்டது. கேட்கவே கூடாது என்று பயந்த வார்த்தை, படி கட்டுவதற்கு முன்னாலேயே வந்துவிட்டது. கொத்தனாரிடம் அவள் என்னவோ சொல்லிக்கொண்டிருந்தாள், ஒவ்வொரு வார்த்தையும் தூரத்திலிருந்து வந்தது. "ஏழே வையுங்க கொத்தனாரே. ரூமு சுருங்கிறப்பிடாது. அதுல ரெண்டு கட்டில் போடணும்."

"ரெண்டா? ரெண்டாவது யாருக்கு மதினி? மக வந்தாலா?"

"நீங்க போய் முதல்ல மோரக் குடிங்க" என்றாள். செல்லையாக் கொத்தனாருக்கு வாய் நீளம்தான், ஆனாலும் புரிகிற ஆள். தூக்குவாளியை எடுத்துக்கொண்டு ஆட்களோடு வெளியே போய்விட்டார்.

குற்றாலிங்கம் சுவரைப் பார்த்தபடி நின்றார். "ஆவுடை, அன்னைக்கு ஆலங்குளத்துல, பஸ்ஸுல..." என்று ஆரம்பித்தார்.

"அதுக்கு அப்பமே ரெண்டு நாள் உங்ககூடப் பேசாம இருந்துட்டேன். நீங்க டூட்டிக்குப் போயிட்டிய, உங்களுக்குத் தெரியல" என்றாள். "அதோட அது தீந்துபோச்சு."

"அப்பம் ஏன் வரல?"

"முட்டின்னு சொன்னேம்லா. முட்டி எனக்குத்தான போச்சு, உங்களுக்கு என்ன கேடு? காப்பிக்கு இறங்குதிய, சோத்துக்கு இறங்குதிய, டிவிக்கு இறங்குதிய. படுக்க மட்டும் இறங்கத் தெரியாதோ?"

அவர் திரும்பி அவளைப் பார்த்தார். நாலு வருசம், ஸ்டூலிலிருந்து நாற்காலி வரைக்கும் யோசித்த மண்டை. இந்த ஒன்று அதில் எட்டிப் பார்க்கவே இல்லை.

"நீ கூப்பிடலையே" என்றார்.

"நான் முப்பது வருசம் ஏறி வந்தேனே, நீங்க கூப்பிட்டா வந்தேன்?" என்றாள் ஆவுடை. கோபமாகச் சொல்லவில்லை. "நான் ஏறாம விட்டேம்லா, அதுக்கு அப்புறம் ஒரு மாசம் உங்களுக்கும் சேத்துத்தான் பாய் விரிச்சேன். காலையில நீங்க இறங்கி வாறதுக்குள்ள நானே சுருட்டி வச்சிருவேன். அதுக்குப் பொறவு விரிக்கல."

வெளியே கொத்தனார் தொண்டையைக் கனைத்தார். "அண்ணாச்சி, அப்பம் என்னதான் சொல்லுதிய? பலகை அடிக்கணும்லா?"

"ஏழு" என்றார் குற்றாலிங்கம். வெளியே நின்ற கொத்தனாருக்கு அது கேட்கவில்லை. வாசலுக்கு வந்து, தெருவுக்கே கேட்கிற மாதிரி மறுபடியும் சொன்னார்.